ஆங்கிலம் கேளுங்கள்: ‘கால் ஆஃப்’ வேறு, ‘புட் ஆஃப்’ வேறு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘ஃப்ரேசல் வெர்ப்’ பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரு வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘இன்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதிய பொருள் தருமானால் அந்தக் கூட்டுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். கூட வரும் சிறு சொல்லை இங்கே துணைச்சொல் என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: அலுவலகச் சுற்றறிக்கையில் ‘த மீட்டிங் ஹேஸ் பீன் கால்ட் ஆஃப் டு மண்டே’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி ‘கால்ட் ஆஃப்’ என்பதை அடித்துவிட்டு ‘புட் ஆஃப்’ என்று திருத்தினார். இரண்டுக்கும் அப்படி என்ன வேறுபாடு?
– அரசு ஊழியர், விழுப்புரம்

பதில்: அவர் திருத்தியது சரிதான். ‘கால் ஆஃப்’ என்றால் அடியோடு கைவிடுவது. ‘புட் ஆஃப்’ என்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பது. கைவிட்ட கூட்டத்துக்குத் திங்கட்கிழமை ஏது? ‘புட் ஆஃப்’ என்று மாற்றிய பிறகு, ‘டு மண்டே’ என்பதைவிட ‘டில் மண்டே’ என்று எழுதினால் வாக்கியம் இன்னும் இயல்பாக இருக்கும்.

‘கால் ஆஃப்’ இனிமேல் நடக்கவிருப்பதற்கு மட்டுமன்றி, நடந்துகொண்டிருப்பதற்கும் பொருந்தும். வேலைநிறுத்தம் வாபஸ் பெறப்பட்டது என்று தமிழ் நாளிதழ் எழுதும் இடத்தில் ஆங்கில நாளிதழ் ‘த ஸ்ட்ரைக் வாஸ் கால்ட் ஆஃப்’ என்று எழுதும்; கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் பணியை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அதே சொல்தான். ‘புட் ஆஃப்’ என்பதை அப்படிப் பயன்படுத்த முடியாது. அதன் பின்னால் இன்னொரு வினை வரவேண்டுமானால், அது ‘இங்’ வடிவத்தில்தான் வரவேண்டும்: ‘ஷி புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’ என்பது சரி, ‘புட் ஆஃப் டு கோ’ என்பது பிழை. மேலும், ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்று ஓர் ஆளைச் செயப்படுபொருளாக்கினால், அந்த வாடையே எனக்கு வெறுப்பை உண்டாக்கிவிட்டது என்று பொருள் மாறிவிடும்.

கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு நம் நாட்டு அலுவலகங்களில் ‘ப்ரீபோன்’ என்கிறோம். இந்தியாவுக்குள் இது நன்றாகவே புரியும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்காரருக்கு எழுதும்போது மட்டும் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுங்கள். கணக்கர்களுக்கு இந்தச் சொல் வேறு பொருளில் பழக்கமானது. முந்தைய பக்கத்தின் கூட்டுத்தொகையைப் பேரேட்டின் புதிய பக்கத்தில் ‘ப்ராட் ஃபார்வர்ட்’ என்று எழுதித்தான் அவர்கள் தொடங்குவார்கள். இதையும் ‘புட் ஃபார்வர்ட்’ என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஒரு யோசனையை முன்வைப்பதற்கு ‘புட் ஃபார்வர்ட்’ என்பார்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ‘ஐ வாஸ் க்ரோன் அப் இன் மதுரை’ என்று சொன்னேன். அது தவறு, ‘ஐ ப்ராட் அப் இன் மதுரை’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் நண்பர். எது சரி?
– பொறியியல் பட்டதாரி, மதுரை

பதில்: இரண்டும் சரியில்லை. ‘ஐ க்ரூ அப் இன் மதுரை’ என்று சொல்லலாம். அல்லது ‘ஐ வாஸ் ப்ராட் அப் இன் மதுரை’ என்று சொல்லலாம். இதற்கு ஆங்கில இலக்கணத்தைப் புரட்டவே தேவையில்லை, பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும் போதும். நான் வளர்ந்தேன் என்பது ‘க்ரோ அப்’, என்னை வளர்த்தார்கள் என்பது ‘பிரிங் அப்’. ‘க்ரோ அப்’ செயப்படுபொருளை ஏற்காத வினை என்பதால் ‘நான் வளர்ந்தேன்’ என்று சொல்ல அதைச் செயப்பாட்டுவினையாக்க வழியில்லை. ‘பிரிங் அப்’ செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது என்பதால், ‘ஐ ப்ராட் அப்’ என்று சொன்னவுடன் யாரை வளர்த்தீர்கள் என்ற கேள்வி எழும். ‘பிரிங் அப்’ என்பதற்கு வாந்தி எடுத்தல் என்ற பொருளும் இருப்பதால், கேட்பவர் வேறு விதமாகவும் திகைக்கக்கூடும்.

தமிழில் பிள்ளையையும் வளர்க்கிறோம், ஆட்டையும் வளர்க்கிறோம், முருங்கையையும் வளர்க்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிரிங் அப்’ பிள்ளைகளுக்குரியது. கால்நடைகளுக்கு ‘ரியர்’ அல்லது ‘ரெய்ஸ்’, செடிகொடிகளுக்கு வெறும் ‘க்ரோ’.

ஒன்றுபோல் தோன்றி ஆளைக் குழப்பும் பல இணைகள் இப்படிப்பட்ட தன்வினை–பிறவினைச் சோடிகளாகவே இருக்கின்றன என்பதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. பேச்சில் ஒரு விஷயம் எழுந்தது என்றால் ‘கேம் அப்’, அதை ஒருவர் எழுப்பினார் என்றால் ‘ப்ராட் அப்’. மாற்றம் நிகழ்ந்தது என்றால் ‘கேம் அபவுட்’, அதை நிகழ்த்தினார்கள் என்றால் ‘ப்ராட் அபவுட்’. மெழுகுவத்தி தானாக அணைந்தால் ‘வென்ட் அவுட்’, நாம் அணைத்தால் ‘புட் அவுட்’. சர்க்கரை தீர்ந்துபோனால் ‘த சுகர் ஹேஸ் ரன் அவுட்’, அதை நாம் தீர்த்துவிட்டால் ‘வி ஹேவ் யூஸ்ட் அப் த சுகர்’. அலாரம் ஒலித்தால் ‘வென்ட் ஆஃப்’, புகையோ திருடனோ அதை ஒலிக்கச் செய்தால் ‘செட் ஆஃப்’.

இந்த ‘வென்ட் ஆஃப்’ சற்று எச்சரிக்கையோடு அணுகவேண்டிய சொல். மின்சாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் நின்றுபோனது. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அலறத் தொடங்கியது. இங்கிலாந்தில் பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது. எழுவாய் எதுவென்று பார்க்காமல் பொருள் சொல்ல முடியாத வினை இது. அதேபோல ‘செட் ஆஃப்’ செயப்படுபொருள் இல்லாமல் வந்தால், புறப்பட்டார்கள் என்ற பொருளைத் தரும்.

செய்திகளில் சில நேரம் காணும் ‘எ ஃபயர் வாஸ் ப்ரோக்கன் அவுட்’ என்ற பிழைக்கும் காரணம் இதுவே. தீ மூண்டது, கலவரம் மூண்டது, போர் மூண்டது: மூளுதல் தன்வினை. ஆகவே ‘எ ஃபயர் ப்ரோக் அவுட்’ என்பதே சரி. ஆங்கிலம் எல்லா இடத்திலும் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ‘வேக் அப்’ விழிப்பதற்கும் எழுப்புவதற்கும் பொது. ஆனால், நம் ‘எழுந்தேன்’ என்ற ஒரே சொல்லை அது இரண்டாக்கிவிடுகிறது: கண் விழிப்பது ‘வேக் அப்’, படுக்கையை விட்டு எழுவது ‘கெட் அப்’. ஐந்து மணிக்கு விழித்து ஆறு வரை போர்வைக்குள் கிடப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

கேள்வி: ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்’, ‘லுக் இன்டூ’, ‘லுக் அப்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன். தேர்வு அறையில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. என்ன செய்வது?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: குறை உங்கள் நினைவாற்றலில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ‘லுக்’ என்று தொடங்குபவை எல்லாம் ஒரு பக்கம், ‘டேக்’ என்று தொடங்குபவை எல்லாம் மறுபக்கம் என்று வினையை வைத்து அடுக்கும் முறையை வழிகாட்டி நூல்கள் விடாமல் பின்பற்றுகின்றன. எல்லா வரிகளும் ஒரே சொல்லில் தொடங்கும்போது மனம் எதைப் பிடித்துக்கொண்டு வேறுபடுத்தும்? இவற்றைக் கற்பதற்கு இதைவிட மோசமான வரிசை இருக்க முடியாது என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக, ஒவ்வொன்றையும் அது வழக்கமாக உடன் அழைத்துவரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்று தனியே எழுதாமல் ‘லுக் ஆஃப்டர் எ பேஷன்ட்’ என்று எழுதுங்கள். நோயாளியும் கைக்குழந்தையும் அந்தச் சொல்லுக்குரியவர்கள். தொலைந்த சாவியையும் கிடைக்காத வேலையையும் ‘லுக் ஃபார்’ செய்வோம். புகாரைக் காவல்துறை ‘லுக் இன்டூ’ செய்யும். பொருள் தெரியாத சொல்லை அகராதியில் ‘லுக் அப்’ செய்வோம். அத்தை பாட்டியைப்போலவே இருக்கிறாள் என்பதற்கு ‘டேக்ஸ் ஆஃப்டர்’ என்று வரும்; ‘ஆஃப்டர்’ இருப்பதால் பராமரிப்பு என்று எண்ணிவிடக்கூடாது. அதுவும் மூத்தவரைப்போல் இளையவர் இருப்பதற்கு மட்டுமே. பாட்டி பேத்தியைப்போல் இருக்கிறாள் என்று சொல்ல அது உதவாது.

‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் வரும் ‘டு’ வேற்றுமைப் பொருள் தரும் சொல், வினையெச்சத்தைத் தொடங்கிவைக்கும் ‘டு’ அன்று. ஆகவே கடிதத்தின் முடிவில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதவேண்டும், ‘டு ஹியர்’ என்று எழுதக்கூடாது.

நேரம் இருந்தால் துணைச்சொற்களை வைத்து ஒரு நோட்டில் தொகுத்துப் பாருங்கள். ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’, ‘டிரை அப்’ என்று அடுக்கினால், ‘அப்’ அங்கெல்லாம் மேல்நோக்கிய திசையைக் குறிக்கவில்லை, முழுவதும் முடிந்ததைக் குறிக்கிறது என்பது தெரியும். தமிழ்ப் பெண்ணுக்கு இது அந்நியமான வேலையும் அன்று. எழுதினான், எழுதிவிட்டான், எழுதிக்கொண்டான், எழுதிப்போட்டான் என்று ஒரே வினைக்குப் பின்னால் துணைவினையை மாற்றி மாற்றி வைத்து எத்தனை நுட்பங்களைச் சொல்கிறோம்! ‘ஈட்’ என்பதற்கும் ‘ஈட் அப்’ என்பதற்கும் உள்ள தூரம், ஏறத்தாழ ‘சாப்பிட்டான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுத் தீர்த்துவிட்டான்’ என்பதற்கும் உள்ள தூரம்தான். ‘கட் ஆஃப்’, ‘டேக் ஆஃப்’, ‘சீ ஆஃப்’, ‘பிரேக் ஆஃப்’ ஆகியவற்றில் ‘ஆஃப்’ விலகலையும் பிரிவையும் காட்டுகிறது. எல்லாச் சொற்களும் இந்த வலையில் சிக்கிவிடாது. சிக்காதவற்றை மட்டும் தனியே மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: ‘டர்ன் ஆஃப் இட்’ தவறாம், ‘டர்ன் இட் ஆஃப்’ சரியாம். அப்படியானால் ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ ஏன் தவறு?
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: ஃப்ரேசல் வெர்ப்களில் பிரியக்கூடியவை, பிரியாதவை என இருவகை உண்டு. ‘டர்ன் ஆஃப்’ பிரியக்கூடியது. ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். செயப்படுபொருள் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் மட்டும் நடுவில் வைத்தே ஆகவேண்டும். ‘லுக் ஆஃப்டர்’ பிரியாதது. பெயரோ பிரதிப்பெயரோ, எதுவும் பின்னால்தான் வரும்.

எது எந்த வகை என்று அறிய ஒரு சோதனை சொல்கிறேன். ‘ஹி லுக்ட் அப் த வேர்ட்’ என்றால் அகராதியில் சொல்லைத் தேடினான்; ‘ஹி லுக்ட் அப் த ஸ்டேர்கேஸ்’ என்றால் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தான். முதல் வாக்கியத்தில் ‘அப்’ வினைக்குச் சொந்தம் என்பதால் ‘லுக்ட் த வேர்ட் அப்’ என்று நகர்த்த முடிகிறது. இரண்டாவதில் அது மாடிப்படிக்குச் சொந்தம் என்பதால் ‘லுக்ட் த ஸ்டேர்கேஸ் அப்’ என்று நகர்த்த முடியாது. காதாலும் கண்டுபிடிக்கலாம்: பிரியக்கூடிய வகையில் துணைச்சொல்லை அழுத்தி உச்சரிப்பார்கள், ‘லுக் ஆஃப்டர்’ போன்றவற்றில் பெரும்பாலும் வினையின் மீதுதான் அழுத்தம் விழும். ‘புட் அப் வித்’, ‘லுக் டவுன் ஆன்’ போன்ற மூன்று சொல் கூட்டுகளில் நடுவே எதையும் நுழைக்காதீர்கள்.

கேள்வி: ‘கோப் அப் வித்’ என்று எழுதினால் கணினி சிவப்புக் கோடு போடவில்லை, ஆனால் ஆசிரியர் போடுகிறார். ஏன்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஒவ்வொரு சொல்லும் எழுத்துப் பிழை இல்லாமல் இருப்பதால் கணினி விட்டுவிடுகிறது. சரியான வடிவம் ‘கோப் வித்’. அதில் ‘அப்’ கிடையாது. ‘புட் அப் வித்’, ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ ஆகியவற்றின் ஓசை காதில் ஒலித்துக்கொண்டிருப்பதால், நம்மவர்கள் இதற்கும் ஓர் ‘அப்’ சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த நான்கையும் ஒரே ஓட்டப் பயிற்சியில் வைத்துப் பார்க்கலாம். உடன் ஓடுபவருக்குச் சமமாக ஓடிக்கொண்டே இருந்தால் ‘கீப் அப் வித்’. பின்தங்கியிருந்து எட்டிப் பிடித்தால் ‘கேட்ச் அப் வித்’. கால் வலியை முணுமுணுக்காமல் சகித்துக்கொண்டால் ‘புட் அப் வித்’. வலியோடும் வெயிலோடும் எப்படியோ சமாளித்து ஓடிவிட்டால் ‘கோப் வித்’. சகிப்பதில் செயல் எதுவும் இல்லை, சமாளிப்பதில் திறமை இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கேள்வி: ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று சொன்னால் வெளிநாட்டினர் சிரிப்பார்களா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: சிரிக்காவிட்டாலும் குழம்புவார்கள், ஏனென்றால் அவர்களுடைய பேச்சில் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ஆனால் நாம் இதை வெறுங்கையால் உருவாக்கிவிடவில்லை. பயிற்சி முடித்த படைவீரர்கள் வெளியேறுவதை இங்கிலாந்திலும் ‘பாஸ் அவுட்’ என்றே சொல்வார்கள். பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் ‘பாஸிங் அவுட் பரேட்’ நடக்கிறது. கல்லூரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2019’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: ‘த பஸ் வாஸ் பிரேக்டவுன்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் தரவில்லை. பேருந்து பிரேக்டவுன் ஆனது என்றுதானே சொல்கிறோம்?
– போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்

பதில்: தமிழில் நாம் சொல்லும் பிரேக்டவுன் ஒரு பெயர்ச்சொல். அதோடு ‘ஆனது’ என்ற வினையைச் சேர்த்துக்கொள்கிறோம். செக்கப், மேக்கப், லாக்கப், செட்டப், பிக்கப் என்று தமிழுக்குள் குடியேறியவை பலவும் இப்படிப் பெயராகத்தான் வந்திருக்கின்றன. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதினால் ‘வாஸ் பிரேக்டவுன்’ என்று வந்துவிடும். வினையாக எழுதும்போது இரு சொற்களாகப் பிரித்து, காலத்தை வினையில் ஏற்றி ‘த பஸ் ப்ரோக் டவுன்’ என்று எழுதவேண்டும். இணையதளங்களில் காணும் ‘ப்ளீஸ் லாகின்’ என்பதிலும் இதே குறை உண்டு. வினையாக வரும்போது ‘லாக்’, ‘இன்’ இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும்.

பேச்சுத் தமிழில் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. ‘டர்ன்’, ‘ஸ்விட்ச்’ என்ற வினைகளை எறிந்துவிட்டு, லைட்டை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆன் பண்ணு என்று துணைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம். பொருள் எங்கே இருக்கிறது என்பதை இலக்கணம் படிக்காதவர்களும் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேச்சு ஆங்கிலமே ‘ஆஃப் த லைட்’ என்று சுருங்கிவிட்டது. தேர்வுத் தாளில் மட்டும் அந்த வினையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்று ஒற்றைச் சொற்கள் இருக்கும்போது ஆங்கிலேயர் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: அவர்களைப் பொறுத்தவரை சுற்றிவளைப்பது அந்த ஒற்றைச் சொற்கள்தான். நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘புட்’, ‘லுக்’, ‘கம்’, ‘கெட்’ ஆகியவையோ ஆங்கிலேயரின் வீட்டு மொழி. ஆகவே சட்டத்திலும் அறிக்கையிலும் ‘இன்வெஸ்டிகேட்’ என்று எழுதுபவர், பேச்சில் ‘லுக் இன்டூ’ என்றே சொல்வார். நாம் பாடப்புத்தகத்தின் வழியே ஆங்கிலத்துக்குள் நுழைந்ததால் நமக்கு அந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது.

வேற்று மொழியினருக்கு இது கடினம் என்பதை ஆங்கிலேயரும் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறார்கள். 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே வினையோடு துணைச்சொல் சேரும் இந்த வழக்கத்தை எடுத்துக்காட்டுகளோடு விளக்கி, அந்நியருக்கு மிகப்பெரிய இடர்ப்பாடு இதிலிருந்துதான் எழுகிறது என்று எழுதினார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரோ மிகவும் பிந்தியது. 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்ற எழுத்தாளர் தம் நூலில் அதைப் பயன்படுத்திய பிறகே அது பரவியது. கடிதத்திலும் உரையாடலிலும் இவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மனுவிலும் ஆய்வுக் கட்டுரையிலும் ஒற்றைச் சொல்லே பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: விண்ணப்பத்தை ‘ஃபில் இன்’ செய்வதா, ‘ஃபில் அவுட்’ செய்வதா, ‘ஃபில் அப்’ செய்வதா?
– வங்கி ஊழியர், தூத்துக்குடி

பதில்: இங்கிலாந்தில் ‘ஃபில் இன்’, அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’, இந்தியாவில் ‘ஃபில் அப்’. ‘இன்’ என்பதும் ‘அவுட்’ என்பதும் நேர் எதிரான சொற்கள். படிவம் என்னவோ ஒன்றேதான். வீடு எரிந்து சாம்பலானால் ‘பர்ன்ட் டவுன்’ என்றும், வீட்டுக்குள் இருந்த காகிதங்கள் எரிந்துபோனால் ‘பர்ன்ட் அப்’ என்றும் சொல்கிற மொழி அது. படிவத்தில் விடுபட்ட ஓரிரு கட்டங்களை மட்டும் நிரப்பச் சொல்வதானால் எல்லா நாட்டிலும் ‘ஃபில் இன்’ பொருந்தும். ‘ஃபில் அப்’ என்பதை வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெட்ரோல் டேங்குக்கும் தண்ணீர்க் குவளைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளையில் வரிசையில் நிற்பவரிடம் ‘ஃபில் அப் திஸ் ஃபார்ம்’ என்று சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை.